சில்வியின் டப்பா

ஊறப்போட்ட புழுங்கலரிசியை மறந்துபோய் இரண்டு மூன்று நாள் தண்ணீரிலேயே விட்டுவிட்டால் ஒரு வாசனை எழும். புளித்த மாவின் வாசனை அல்ல அது. அதற்கும் கெட்டுப்போன சோற்றுக்கும் நடுவில் எங்கோ நின்றுகொண்டு, மூக்கின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு போகாமல் கிடக்கும். எங்கள் வீட்டில் இட்லிக்கு அரிசி ஊறப்போடுவதும் கழுவி எடுப்பதும் என் கணவர்தான். ஏன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்த வாசனையை ஈரமண்ணோடு கலந்து நான் முகர்ந்தது பத்து வயதில், ஒரு கிறிஸ்மஸ் நாள் காலையில், கிணற்றடியில் கிடந்த ஒரு பால்பவுடர் டப்பாவுக்குள். டப்பா என் சித்தப்பா மகள் சில்வியுடையது. ஐந்து வயதுச் சில்வி அதற்கு முந்தின மாலைதான் செத்துப்போயிருந்தாள். அவளிடம் நான் சொல்லியிருந்த ஒரு பொய்யும் அந்த டப்பாவுக்குள்தான் இருந்தது. யாரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டுமோ அவர்களிடம் சொல்லாமலே முப்பத்தைந்து வருடங்களைக் கடத்திவிட்டேன்.

காரைக்காலில் மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது பெரியப்பா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பியவர் என்பதால் தெருவுக்கே அவர் ‘சொல்தா’, பிரெஞ்சில் சிப்பாய். அந்த வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். கடைசித் தம்பியான அந்துவான் சித்தப்பா நெரவியில் இருந்தார். வீடுகளுக்கு மின்சாரம் இழுக்கும் ஒயர்மேன் வேலை அவருக்கு. டிசம்பர் இரண்டாவது வாரம் வந்தால் பலகாரம் சுடுவதற்கென்று கிளாரா சித்தி சில்வியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். பாலர் வகுப்புக்காரிக்குப் பரீட்சையா ஒன்றா, கிறிஸ்மஸ் முடிகிறவரைக்கும் தாயும் மகளும் எங்களோடுதான். சித்தப்பா மாலையில் வேலை முடிந்து சைக்கிளில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். கல்கல் பலகாரத்துக்கு மாவு உருட்டுகிற பெண்கள், மூங்கில் சிம்பு சீவி ஸ்டார் கட்டுகிற ஆண்கள், இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மிதிபட்டுக்கொண்டு நாங்கள் ஆறு பிள்ளைகள்.

பிள்ளைகளுக்கென்று இருந்த ஒரே வேலை ‘பயிர் போடுவது’. குடிலில் பாலன் இயேசுவைச் சுற்றி வயலும் காடும் இருக்க வேண்டும் அல்லவா, அதற்குப் பச்சையைக் கடையில் வாங்குகிற வழக்கம் அப்போது இல்லை. ஆளுக்கொரு பால்பவுடர் டப்பா, அடியில் ஆணியால் நாலு ஓட்டை, பாதிக்கு மண்ணும் சாம்பலும், மேலே விதை. சித்தப்பா நெரவியிலிருந்து சிறு சிறு பொட்டலங்களாகக் கேழ்வரகும் கம்பும் விதைநெல்லும் கொண்டுவந்து ஆளுக்கொரு பிடி பங்கு வைப்பார். டப்பாக்களை மாடிப்படிக்கு அடியில், வெயில் அதிகம் விழாத இடத்தில் வரிசையாக வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். பெரியப்பா பள்ளிக்கூட அடிஸ்கேலை எடுத்துக்கொண்டு தினமும் ‘பரேடு’ பார்க்க வருவார். யாருடைய பயிர் உயரமோ அவர்களுடைய டப்பாதான் இருபத்துநாலாம் தேதி பாலன் கிடக்கும் தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் போகும். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பதவி கிடையாது.

சில்விக்கு விதைநெல் கிடைத்திருந்தது. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஓடிவந்தவள் முற்றத்தில் வழுக்கி விழ, அத்தனையும் சாக்கடையில் போயிற்று. சித்தி சட்டென்று கை ஓங்கிவிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சில்வி அழவில்லை; சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய், அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஒரு பிடி புழுங்கலரிசி எடுத்துவந்து தன் டப்பாவில் போட்டு மண்ணால் மூடினாள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த நான் மட்டும் பார்த்தேன். பார்த்துவிட்டேன் என்பது அவளுக்கும் தெரிந்தது. மண்கையோடு என் பக்கத்தில் வந்து நின்று, “பிலோ அக்கா, இது முளைக்குமா?” என்று கேட்டாள்.

அவித்துக் காயவைத்துக் குத்திய அரிசி முளைக்காது என்பது நெல் விளைகிற ஊரில் பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்: “முளைக்கும்டி. தண்ணி மட்டும் நெறைய ஊத்தணும்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு இத்தனை வருடங்களில் எனக்கு நானே பல காரணங்கள் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வருடம் பெரியப்பாவின் பட்டாளத்து நண்பர் ஒருவர் பிரான்சிலிருந்து வந்தபோது கொண்டுவந்த லேஸ் வைத்த வெள்ளைக் கவுன் சில்விக்குச் சரியாக இருந்தது. எனக்குக் கையில்கூட ஏறவில்லை, ஆகவே எனக்கு உள்ளூர் தையல்காரர் தைத்த பாவாடைதான். அந்தப் பொறாமை இருந்திருக்கலாம். வெறும் விளையாட்டாகவும் இருந்திருக்கலாம். ஒரு ரகசியம் என் கையில் இருக்கிறது என்ற சுகம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நாலாம் நாள் கேழ்வரகு பச்சை கட்டியது. என் கம்பு விரல் உயரம் நின்றது. சில்வியின் டப்பா மட்டும் வெறும் மண்ணாகக் கிடந்தது. பெரியப்பா அடிஸ்கேலை அதில் செங்குத்தாக நட்டு, மீசையைத் தடவிக்கொண்டு, “என்னடி சில்வி, ஒன் பயிரு லீவுல போயிருக்கா? எப்ப டூட்டிக்குத் திரும்புது?” என்று கேட்க, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பையன்கள் அதற்கு ‘மொட்டை டப்பா’ என்று பெயர் வைத்தார்கள். “விதை சொத்தையா இருக்கும்டி, அப்பாகிட்ட சொல்லி வேற வாங்கிப் போடு” என்றார் சித்தி. சில்வி வேண்டாமென்று தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அல்லவா. நான் கண்ணைச் சிமிட்டினேன். அன்றிலிருந்து அவள் காலையும் மாலையும் போதாதென்று மத்தியானமும் ஊற்றினாள். சொம்பு, தம்ளர், ஒருமுறை காப்பி வடிகட்டிகூட. டப்பாவின் ஓட்டைகள் வழியாக மாடிப்படிக்கு அடியில் எப்போதும் ஒரு சின்ன வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்துநாலாம் தேதி காலையில் முன் அறையில் குடில் எழுந்தது. பழுப்புத் தாளைக் கசக்கிச் சாயம் அடித்து மலை, வைக்கோலால் கூரை, தரைக்குக் கடற்கரையிலிருந்து சாக்கில் கொண்டுவந்த மணல். அந்த மணல் எத்தனை நாள் வைத்திருந்தாலும் பிசுபிசுவென்று ஈரமாகவே இருக்கும். சித்தப்பா அந்த வருடம்தான் முதன்முதலாகச் ‘சீரியல் செட்’ போட்டார். பச்சை, சிவப்பு, மஞ்சள் பல்புகளை அவரே வாங்கி, அவரே ஒயரில் கோத்து, மலையைச் சுற்றியும் கூரையிலும் ஓட்டினார். கடைசி இணைப்புக்கு வந்தபோது ஒயர் முனையைச் சுற்றும் கறுப்பு டேப் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய்வர அரை மணி ஆகும். ஸ்டார் ஒட்ட வைத்திருந்த செலோ டேப்பை எடுத்து அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, மலைக்குப் பின்னால் தள்ளிவிட்டார். “ரெண்டு நாளைக்குத்தானே” என்று அவர் சொன்னதை என் அப்பாவும் கேட்டார், பெரியப்பாவும் கேட்டார். யாரும் தடுக்கவில்லை.

அப்புறம் டப்பாக்கள் வந்தன. என்னுடையது முதலிடம். மொட்டை டப்பாவைக் குடிலில் வைக்க முடியாது என்று பெரியப்பா சொன்னதும், பத்து நாளாக அழாத சில்வி உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, “ஏண்ணே, புள்ள மனச ஏன் கெடுக்குறிங்க? மலைக்குப் பின்னாடி வெச்சா யாரு கண்ணுல படப்போவுது?” என்று சொல்லி, அவரே தன் கையால் அந்த டப்பாவை மலையின் பின்னால் மணலில் பதித்துவைத்தார்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். விளக்குகளைப் போட்டுப் பார்த்துக் கைதட்டிவிட்டு, பெரியவர்கள் குளிக்கவும் உடுத்தவும் கலைந்துபோயிருந்தார்கள். நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். லேஸ் கவுன் போட்டு, நெற்றியில் பவுடர் திட்டுத் திட்டாக அப்பி, கையில் ஒரு மக்குத் தண்ணீரோடு சில்வி வந்து நின்றாள்.

“அக்கா, இன்னும் ஊத்தணுமா?”

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த அவளிடம்தான் சொன்னேன். “ஊத்து. பாலன் பொறக்குறப்ப மொளைச்சிரும்.”

முன் அறையில் மக்கு விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. சித்தப்பா ஈரத்தலையோடு ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். அவள் தகர டப்பாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மலைக்குப் பின்னால் சாய்ந்திருந்தாள். விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஹாஜரா அக்காவின் தம்பி காரை எடுத்துக்கொண்டு வந்தார். சித்தப்பாவும் சித்தியும் அவளை மடியில் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கள் ஐந்து பேரையும் ஹாஜரா அக்கா தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டுபோய், “அழுவாதிங்க புள்ளையளா, அல்லாஹ் இருக்கான், தங்கச்சி வந்துரும்” என்று சொல்லிச் சொல்லிச் சோறு ஊட்டினார். நான் சாப்பிட்டேன். அது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பசித்தது, சாப்பிட்டேன்.

கார் அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டது. சித்தியின் குரல் தெருமுனையிலேயே கேட்டது. “ஊரு வீட்டுக்கெல்லாம் வெளக்குப் போட்டிங்களே, எம் புள்ளைய அணைச்சிட்டிங்களே!” என்ற அந்த ஒரே வாக்கியத்தைத்தான் அவர் விடிகிறவரை சித்தப்பாவிடம் சொன்னார்.

மறுநாள், கிறிஸ்மஸ் நாள், அதே வெள்ளைக் கவுனோடு அவளை அடக்கம் செய்தார்கள். அதற்கு முன்பே, காலையில், பெரியப்பா குடிலைப் பிரித்து எல்லாவற்றையும் கிணற்றடியில் கொட்டியிருந்தார். யாரும் கவனிக்காத நேரத்தில் நான் அங்கே போய்ச் சில்வியின் டப்பாவை எடுத்துக் கவிழ்த்தேன். ஊதி வெளுத்துப்போன அரிசி மண்ணோடு சேர்ந்து ஒரே கட்டியாக விழுந்தது. அப்போது அடித்த வாசனையைத்தான் முதலில் சொன்னேன். காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினேன். யாராவது பார்த்தால் அது நெல் இல்லை என்று தெரிந்துவிடும் என்ற பயம்.

எட்டாம் நாள் அம்மாவிடம் சொன்னேன். முழுவதையும் சொல்லி முடிக்கும் முன்பே அம்மா என் வாயைப் பொத்தினார். “இதோட விடு. இந்தப் பேச்ச இனி எடுக்கப்படாது. உன் சித்தி தாங்க மாட்டா, உன் மொகத்துலயும் முழிக்க மாட்டா.” என்னைக் காப்பாற்றத்தான் அம்மா அப்படிச் சொன்னார், ஒரு தாயாக எனக்கு அது புரிகிறது. பதினாலு வயதில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். ‘அருள்நிறைந்த மரியே’ ஜெபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

சித்தப்பா அதன்பிறகு ஒயரைத் தொடவில்லை. நெரவியில் குத்தகைக்கு நிலம் பிடித்து வயல் வேலைக்குப் போனார். வீட்டில் ஃபியூஸ் போனால்கூட வேறு ஆளைத்தான் கூப்பிடுவார். சித்தியும் அவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், வேறு பிள்ளை பிறக்கவில்லை. சித்தி அவரிடம் பேசியதை நான் பிறகு கேட்டதே இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைக்கிற சத்தம்தான் ‘சாப்பிட வாங்க’ என்பதற்கு அடையாளம். பெரியப்பா வீட்டில் அதற்கப்புறம் எல்லோரும் கூடிய கிறிஸ்மஸ் என்று ஒன்று நடக்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு சித்தி இறந்தபோது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். அங்கேயும் என் வாய் திறக்கவில்லை.

திருமணமாகிப் பத்து வருடம் காத்திருந்து பெற்ற என் மகள் ஜெனிக்கு இப்போது ஏழு வயது. வீட்டிலுள்ள பிளக் பாயிண்டுகள் எல்லாவற்றிலும் டேப் ஒட்டிவைத்திருக்கிறேன். ஈரக்கையோடு அவள் சுவரைத் தொட்டால்கூட ஓடிப்போய்க் கையை இழுத்துவிடுவேன். “அக்கா வீட்டுல போன் சார்ஜ் போடணும்னா மனு எழுதிக் குடுக்கணும்” என்று என் தம்பி கேலி செய்வான். போன டிசம்பரில் அவன் குடும்பமும் பெரியப்பாவின் பேரப்பிள்ளைகளும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இத்தனை பேர் ஒரே கூரைக்கடியில் கூடி வெகுகாலம் ஆகியிருந்தது. கோயிலின் மறைக்கல்வி வகுப்பில் யாரோ பழைய வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க, ஜெனி ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் கேழ்வரகு போட்டு வளர்த்திருந்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

இருபத்துநாலாம் தேதி மாலை, விளக்கு எரிந்துகொண்டிருந்த குடிலை நோக்கி அவள் ஒரு மக்குத் தண்ணீரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் செய்தது எனக்கு முழுதாக நினைவில்லை. மக்கைத் தட்டிவிட்டு, எல்லோர் முன்னாலும் அவளை அறைந்திருக்கிறேன். ஒரு முறை அல்ல. தம்பிதான் என் கையைப் பிடித்தான். கன்னத்தில் விரல் பதிந்திருக்க, அழுகைக்கும் பயத்துக்கும் நடுவில் ஜெனி சொன்னாள், “அம்மா, அது பேட்டரிம்மா. மூணு பேட்டரி லைட்டும்மா.”

மறுநாள் பூசை முடிந்ததும் அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டு நெரவிக்குப் போனேன். சித்தப்பா எழுபதைத் தாண்டிவிட்டார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தவர், “வாம்மா பிலோ, நல்ல நாளும் அதுவுமா தேடிக்கிட்டு வந்திருக்க” என்றார். கொண்டுபோன கேக்கைப் பக்கத்துத் திண்டில் வைத்துவிட்டு, உட்காராமலே சொன்னேன். சாக்கடையில் கொட்டிய விதைநெல்லிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் சொன்னதுவரை. “அது புழுங்கலரிசி சித்தப்பா. முளைக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஊத்தச் சொன்னேன்.”

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“நாங்குடுத்த வெத சொத்தைன்னே நெனச்சிட்டு இருந்தேன்” என்றார் பிறகு. “அதுவும் ஒண்ணு மனசுல கெடந்துச்சு.”

“சித்தப்பா, தப்பு என்னோடது.”

“ஒயர ஒட்டுனது யாரு, நீயா? டப்பாவத் தூக்கி அங்க வெச்சது யாரு? பத்து வயசுப் புள்ள நீ.” குரல் உயரவில்லை. என்னை மன்னிக்கிற குரலாகவும் அது இல்லை. தன்னுடையதை யாரோ எடுத்துக்கொண்டு போக வந்ததுபோல் இருந்தது. என்னைப் பார்க்காமல் சொன்னார்: “உன் சித்திகிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கலாமேம்மா. அவ எங்கிட்ட ஒரு வார்த்த பேசியிருப்பா.”

கிளம்பலாம் என்று வண்டிச் சாவியை எடுத்தேன். அவர் ஜெனியைக் கூப்பிட்டு, வீங்கிய கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்து, “ஒன் டப்பால என்ன போட்ட?” என்றார்.

“கேழ்வரகு தாத்தா.”

“மொளைச்சுதா?”

“ம். இவ்ளோ உயரம்.”

தலையை ஆட்டிக்கொண்டார். நாங்கள் கிளம்பியபோது எழுந்திருக்கவில்லை. கேக்கை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போகவும் இல்லை.

திரும்பும்போது வேண்டுமென்றே பெரியப்பா வீடு இருந்த தெரு வழியாக வண்டியை விட்டேன். வீட்டை இடித்து மூன்று மாடி கட்டி, கீழே செல்போன் கடை இருக்கிறது. கிணறு இருந்த இடம் வண்டிகள் நிறுத்துமிடம். ஹாஜரா அக்காவின் பிள்ளைகள் துபாய்க்குப் போய் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. பால்பவுடர் இப்போது அட்டைப் பெட்டியில் வருகிறது. கடையில் விற்கிற குடிலில் பச்சைப் பிளாஸ்டிக் புல் விரிப்பு. அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, எந்தப் பிள்ளையும் அதைக் காலையும் மாலையும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய காதுகள் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. மிச்சமிருந்த ஒருவரிடம், இத்தனை வருடமாகச் சுமந்தது போதாதென்று, இன்னொன்றையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்குப் பின்னால் உட்கார்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்த ஜெனி, கோயிலைத் தாண்டுகிறபோது முதுகில் முகத்தை வைத்தபடி கேட்டாள்.

“அம்மா, புழுங்கலரிசி முளைக்கவே முளைக்காதா?”

“முளைக்காது.”

“எவ்ளோ தண்ணி ஊத்துனாலும்?”

“எவ்ளோ ஊத்துனாலும் முளைக்காதுடா கண்ணு” என்றேன். வீடு வருகிறவரை அவள் என் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.